நாமத்துக்குக் கால்

திருவள்ளூர்
12-2-1974

புதுவாயல் ஸ்ரீ அரசப்பன் அவர்களுக்கு,

திருவள்ளூரிலிருந்து கோதைநாயகி எழுதிக்கொண்டது. வீரராகவன் கிருபையால் இங்கு எல்லோரும் க்ஷேமம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் க்ஷேமமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

முன்பின் அறியாத பெண்பிள்ளை கடிதம் போடுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அகத்துக்காரர் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிறார். என் சின்ன அண்ணா தேவராஜன் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர். சீனாக்காரன் சண்டையில், அறுபத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில், காணாமல் போனார். 'காணவில்லை' என்று முதலில் தந்தி வந்தது. அப்புறம் 'இறந்திருக்கக்கூடும்' என்று ஒரு காகிதம். கூடும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதியதற்குப் பதிலே இல்லை.

அம்மா இருந்தவரை அவர் உயிரோடு இருக்கிறார் என்றே சாதித்தாள். போன வருஷம் அவளும் ஆசாரியன் திருவடி அடைந்துவிட்டாள். வருகிற கார்த்திகையோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது. அதற்குமேல் காத்திருக்கக் கூடாது, தர்ப்பையால் உருவம் செய்து நெருப்பிட்டுக் காரியங்களைச் செய்துவிட வேண்டியதுதான் என்று பெரிய அண்ணா ராமஸ்வாமி சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உயிரோடு இருப்பவருக்கு அப்படிச் செய்தால் அது என்ன பாவம்? இறந்தே போயிருந்தாலும், திதி தெரியாமல் ஏதோ ஒரு அமாவாசையில் எள்ளைத் தெளித்தால் அது யார் வாய்க்குப் போகும்?

தை அமாவாசைக்குக் குளத்தில் ஸ்நானம் பண்ண வந்த ஆவடிக்காரர் ஒருவர், நீங்களும் அண்ணாவும் பட்டாளத்தில் ஒரே கம்பெனியில் இருந்ததாகச் சொன்னார். உங்கள் கண்ணால் கண்டதை எழுதினால் போதும். நல்லதாக இருந்தாலும் சரி, கெட்டதாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
கோதைநாயகி


புதுவாயல்
3-3-1974

திருவள்ளூர் அம்மாவுக்கு,

அரசப்பன் தங்கச்சி பூவம்மாள் கும்பிட்டு எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் நாங்கள் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். வெயில் ஆரம்பித்துவிட்டது, உங்கள் ஒற்றைத் தலைவலி இப்போது எப்படி இருக்கிறது? சுக்கை உரைத்துப் போடுகிறீர்களா?

எங்கள் அண்ணனுக்கு மலைக் குளிரில் வலது கை விரல்கள் போய்விட்டன. கட்டை விரல் மட்டும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த இரும்புக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்திருக்கிறேன்.

உங்கள் அண்ணா இறந்தது நிஜம். கார்த்திகை மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மேலிடத்தில் பின்வாங்கச் சொன்னதும் எல்லோரும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை ஓடையில் முகம் கழுவி, பனி கொட்டுகிறபோதும் நிதானமாக நாமம் போட்டுக்கொண்டாராம், மூக்கு வரைக்கும். மதியம் மேலிருந்து சுட்டார்கள். மார்பில் பட்டது. கஷ்டப்படவில்லை, உடனே போய்விட்டது. எங்கள் அண்ணன் கல்லால் மூடிவிட்டு வந்தார். வேறு எதுவும் செய்ய நேரமில்லை.

உங்களுக்கு இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவம்மாள்


திருவள்ளூர்
14-3-1974

பூவம்மாளுக்கு,

க்ஷேமம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்து ஒருநாள் முழுக்க அழுதேன். மறுநாள் இன்னொரு தரம் படித்தேன். எந்தக் கணக்கையும் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டிப் பார்ப்பது என் வழக்கம். உன் கடிதம் கீழிருந்து கூட்டினால் சரியாக வரவில்லை.

எங்கள் அகத்தில் நாமத்துக்குப் பாதம் கிடையாது. புருவத்துக்கு நடுவிலேயே வளைந்து நின்றுவிடும். மூக்கில் இறங்குவது தென்கலையார் வழக்கம். பட்டாளத்துக்குப் போனாலும், சண்டையே வந்தாலும், அண்ணா அதை மாற்றிக்கொள்ள மாட்டார். சின்ன வயசில் பாதம் வைத்த ஒரு பையனோடு இதற்காகவே சட்டை கிழியக் கட்டிப் புரண்டவர். ஆகவே உன் அண்ணன் கல் போட்டு மூடியது வேறு யாரையோ. அல்லது அவர் யாரையுமே மூடவில்லை.

இன்னொன்று. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்று உனக்கு யார் சொன்னது? என் முதல் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. எங்களைப் பற்றி ஊரில் விசாரித்துக்கொண்டு யாராவது சொல்லிக்கொடுத்து எழுதுகிறாயா? எங்களிடம் எதுவும் பெயராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன் நிஜமாகவே கூட இருந்தவரானால் ஒன்று சொல்லட்டும். என் அண்ணா சாப்பாட்டில் என்ன பிடிவாதம் பண்ணுவார்?

கோதைநாயகி


புதுவாயல்
30-3-1974

அம்மாவுக்கு,

பூவம்மாள் கும்பிட்டு எழுதுவது. எல்லோரும் சுகம். உங்களுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை.

நாமத்தைப் பற்றி அண்ணனைக் கேட்டேன். மூக்கு வரைக்கும்தான் என்று அடித்துச் சொல்கிறார். கடைசியாக லீவு முடிந்து வந்ததிலிருந்து அப்படித்தான் போட்டாராம். அண்ணன்கூட ஒருநாள், "இன்னா சாமி, நாமத்துக்குக் காலு மொளச்சிக்குது?" என்று கேட்டிருக்கிறார். அவர் சிரித்தாராம். பட்டாளத்தில் எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் அண்ணன் இப்போதும் அப்படித்தான் சொல்வார்.

உங்கள் தலைவலி விஷயம் அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். தங்கச்சி என்றால் உயிராயிற்றே.

சாப்பாட்டில் பிடிவாதம் என்று கேட்டீர்கள். சாத்தமுது தெளிவாக இருந்தால் தொடமாட்டார். அடியில் இருக்கிற வண்டலோடு கலக்கி, கை பொறுக்காத சூட்டில், தம்ளரில் தனியாக வேண்டும். சாதத்தில் ஊற்றினால் எழுந்துபோய்விடுவார். அப்புறம் தின்னக் கூப்பிட்டாலும் வரமாட்டார், கோபத்தைத் தின்றுவிட்டேன் என்பார்.

நாங்கள் யாரிடமும் எதுவும் கேட்கிறவர்கள் இல்லை அம்மா. இரும்புக் கம்பெனிச் சம்பளம் எங்களுக்குப் போதும்.

பூவம்மாள்


திருவள்ளூர்
10-4-1974

பூவம்மாளுக்கு,

நலம். நாடுவதும் அதுவே.

வண்டலும் தம்ளரும் சரி. கோபத்தைத் தின்றுவிட்டேன் என்பதும் என் அண்ணாவின் வாய்ச்சொல்தான், அப்படியே அவர் குரலில் கேட்டது. உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நீ சாத்தமுது என்று எழுதியிருக்கிறாய். எங்கள் அகங்களைத் தவிர யாரும் அதை அப்படிச் சொல்லமாட்டார்கள். உங்கள் பக்கத்தில் ரசம். பட்டாளத்துச் சமையல்கட்டிலும் ரசமாகத்தான் இருக்கும், அல்லது அதுவும் இருந்திராது. உன் அண்ணன் சொல்லி நீ எழுதினால் ரசம் என்று வந்திருக்கும். இந்தச் சொல்லை நீ காதால் கேட்டிருக்கிறாய். பலமுறை கேட்டிருக்கிறாய். கை பொறுக்காத சூடு என்பதும் தம்ளரை எடுத்துக் கொடுத்த கைக்குத்தான் தெரியும்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அண்ணா உங்கள் வீட்டில் இருக்கிறாரா? சண்டையிலிருந்து ஓடிவந்து, வெட்கப்பட்டோ பயந்தோ, இத்தனை வருஷமாய் அங்கே ஒளிந்திருக்கிறாரா? நாமத்தையும் ஆளையும் மாற்றிக்கொண்டு இருக்கிறாரா? அப்படியானால் நான் யாரிடமும் சொல்லமாட்டேன். பெரிய அண்ணாவிடம்கூட. உயிரோடிருக்கிறார் என்று ஒரு வரி எழுது, கார்த்திகைக் காரியத்தை எப்படியாவது நிறுத்துவேன். எழுதாமல் இருந்து, அவர் உயிரோடு இருக்கும்போதே நாங்கள் நெருப்பு வைத்தால், அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்.

கோதை


திருவள்ளூர்
20-6-1974

(தபால் அட்டை)

பூவம்மாளுக்கு,

இங்கு சுகம். நான் போட்ட கவர் கிடைத்ததா இல்லையா? சித்திரையும் போய் வைகாசியும் போயிற்று. அட்டையில் எல்லாம் எழுத முடியாது. உங்களிடம் இருக்கும் எங்கள் வீட்டுப் பொருளைப் பார்த்து வர என் அகத்துக்காரரை அனுப்புகிறேன். அடுத்த வாரத்தில் ஏதாவது ஒருநாள் வருவார். பொருளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டாம்.

கோ.


திருவள்ளூர்
8-7-1974

பூவம்மாளுக்கு,

க்ஷேமம். உன் அண்ணனையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என் அகத்துக்காரர் பெரியபாளையம் போய், அங்கிருந்து பஸ் மாறி, வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். உன் அண்ணன் அவரை வாசலிலேயே பார்த்து, "இன்னா சாமி, ஊட்ட சோதிக்க வந்தீங்களா? வாங்க. பானைய தொறந்து வேணும்னாலும் பாருங்க" என்றாராம். இவர் வெட்கப்பட்டு நின்றிருக்கிறார். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு" என்று இழுத்திருக்கிறார். "சும்மா பாக்கறதுக்கு நாங்க இன்னா கருட சேவையா? உள்ள வாங்க சாமி. ஆள மறைச்சி வெச்சிக்கினு சோறு போடற அளவுக்கு இங்க எடம் ஏது?" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்ப் பின்கட்டு, மாட்டுக் கொட்டில், வைக்கோல் போர் எல்லாவற்றையும் காட்டினாராம். விரல் இல்லாத அந்தக் கையைப் பார்த்த பிறகு எதையும் பார்க்கத் தோன்றவில்லை என்றார் இவர். நீ கொடுத்தனுப்பிய மோரைக் குடித்தாராம். நீ கதவுக்குப் பின்னாலேயே நின்றாயாம். கழுத்தில் ஒன்றுமில்லை, நெற்றியிலும் இல்லை, சின்ன வயசு, பாவம் என்றார்.

உனக்கு அப்படி நேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை. நான் எழுதியது அதிகம்தான். மன்னித்துக்கொள்.

அண்ணா அங்கே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் சாத்தமுதுக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை எனக்குச் சந்தேகம் தீராது. பெரிய அண்ணாவோ நாமத்துக்குப் பாதம் என்றதுமே, "வேற எவனையோ சொல்றான், விட்டுத்தள்ளு. அமாவாசையே போதும்" என்கிறார். உன் அண்ணன் தன் வாக்குமூலமாக ஒரு காகிதம் கொடுத்தால் அவரை நம்பவைக்கலாம். என் அண்ணாவின் முழுப்பெயர், மாதம், தேதி, கிழமை, இறந்த விதம் எல்லாம் விவரமாக, கீழே கட்டை விரல் ரேகையோடு. நீயே எழுதலாம்.

கோதைநாயகி


புதுவாயல்
5-8-1974

அம்மாவுக்கு,

பூவம்மாள் கும்பிட்டு எழுதுவது. சுகம். உங்கள் வீட்டுக்காரர் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தார் என்று தெரிந்து நிம்மதி. பெரியபாளையம் பஸ்ஸில் எப்போதும் கூட்டம் நெரியும், நின்றுகொண்டே போயிருப்பார்.

நீங்கள் கேட்ட காகிதம் இதோடு இருக்கிறது. நான்தான் எழுதினேன். அண்ணன் ரேகை வைத்திருக்கிறார். கார்த்திகை மூன்று, ஞாயிறு, தேய்பிறை சப்தமி. எங்கள் ஊர் பஜனைக் கோயில் பஞ்சாங்கத்தில் அந்த வருஷமே பார்த்துவைத்தது. சரியாக இருக்கும். அந்தத் திதியை விட்டுவிடாதீர்கள் அம்மா. அமாவாசை வேண்டாம். அவர் பசி பொறுக்கமாட்டார்.

பூவம்மாள்


திருவள்ளூர்
19-8-1974

பூவம்மா,

நலம்.

காகிதம் வந்தது. பெரிய அண்ணா படித்துவிட்டு, ரேகையையும் பார்த்துவிட்டு, சரி என்றார். திதி விஷயம் தீர்ந்தது.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதம் முழுக்க உன் கையெழுத்து, நீல மை. 'தேவராஜன்' என்கிற இடம் மட்டும் கறுப்பு மை, வேறு கை. இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டும் அப்படியே. நீ இடம் விட்டு எழுதி, பிறகு யாரையோ கொண்டு நிரப்பியிருக்கிறாய்.

பெயரை அப்புறம் யாரோ சேர்த்திருக்கிறார்கள், இதுவும் பொய்தான் என்று முதலில் நினைத்தேன். உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். உங்கள் அண்ணா, அவர், சாமி. ஒரு இடத்தில்கூடப் பெயர் இல்லை.

அப்போது என் அகத்துக்காரர் வந்து கவரில் விலாசம் எழுத உட்கார்ந்தார். பின்பக்கம் அனுப்புநர் பெயரை எப்போதும் அவர்தான் எழுதுவார். நான் எழுதமாட்டேன். கல்யாணமானதிலிருந்து அந்தப் பெயரை நான் வாயாலும் சொன்னதில்லை, கையாலும் எழுதினதில்லை. உனக்குப் போட்ட கடிதங்களில் எங்கேயாவது இருக்கிறதா பார். இல்லை.

பூவம்மா, நீ எதற்கு அண்ணா பெயரை எழுதவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. எப்போதிலிருந்து எழுதவில்லை, அதை மட்டும் சொல்.

கோதை


புதுவாயல்
21-9-1974

அம்மாவுக்கு,

சுகம். பதில் எழுத இத்தனை நாளானதற்கு மன்னிக்கவும். எழுதிக் கிழித்தது நிறைய.

அறுபத்தொன்று ஆவணியிலிருந்து. எங்கள் பஜனைக் கோயிலில் தாலி கட்டினார். எங்கள் அண்ணனோடு லீவில் ஊருக்கு வந்தவர், வந்த இரண்டாம் தடவையே எங்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டார். அம்மாவுக்குப் பயம். "ஐயமாருங்க ஊட்டுப் புள்ள, நாளைக்கி உட்டுட்டுப் பூட்டா யாரக் கேக்கறது?" என்றாள். அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. அடுத்த லீவில் உங்கள் அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். கோதையிடம் முதலில் சொல்வேன், அவள் கணக்குப் போட்டு ஒரு வழி சொல்வாள் என்பார். உங்கள் தலைவலி, நீங்கள் தரையில் கரித்துண்டால் எழுதிக் கற்றுக்கொண்டது, எல்லாம் எனக்குத் தெரியும். சாத்தமுது உங்கள் வீட்டு முறையில் வைக்க அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பேரும் அவர் சொன்னதுதான். அது எங்களுக்கு ரசம் என்பதே கடிதம் எழுதும்போது மறந்துவிட்டது.

நாமத்துக்குக் கால் வைத்தது நான். கடைசி லீவில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது எங்கள் வழக்கப்படி மூக்கில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். திட்டுவார் என்று ஓடினேன். திட்டவில்லை. எங்கள் அண்ணன் அங்கே போய், காலு மொளச்சிக்குதே என்று கேட்டபோது அவர் சிரித்ததாக எழுதினேன். சிரித்து என்ன சொன்னார் என்று எழுதவில்லை. "மாமியார் வீட்டுத் திருமண் ஆச்சே அரசப்பா, கால் இல்லாம அவ்வளவு தூரம் எப்படி நடந்து வரும்?" என்றாராம்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து தை மாதம் வந்துதான் எனக்குச் சொன்னார். உங்களுக்கும் சொல்லத்தான் திருவள்ளூருக்குப் போனார். குளக்கரையில் விசாரித்தபோது, அதோ அந்தப் பையனின் அம்மா என்று யாரோ காட்டியிருக்கிறார்கள். உங்கள் அம்மா, மகன் திரும்பிவர வேண்டும் என்று குளத்தில் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்களாம். "வெல்லத்தப் போட்டுக்கினே இருக்காங்க பூவு, எனக்கு வாயே வரல" என்று திரும்பி வந்துவிட்டார். அப்புறம் போகவேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அவர்களாவது நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். நான் வந்து நின்றால் பென்ஷனுக்கு வந்தவள் என்று பேசுவீர்கள் என்றும் நினைத்தேன். உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படித்தபோது நினைத்தது சரி என்று தோன்றியது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் என்னால் பதில் எழுத முடியவில்லை. கொஞ்ச நேரம் நானும் அதை நம்பிப் பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் வேண்டாம். குளக்கரையில் எள்ளும் தண்ணீரும் விடும்போது பேர் சொல்லுவார்களாமே. அன்றைக்கு வந்து தூரத்துப் படியில் கூட்டத்தோடு நின்றுகொள்கிறேன். உங்கள் வீட்டார் யாருக்கும் தெரியாது. என் வாயால் அந்தப் பேரைச் சொன்னதில்லை. எங்கள் அண்ணனும் சாமி என்பதோடு சரி. யாராவது அந்தப் பேரைச் சொல்லி நான் காதால் கேட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

பூவம்மாள்


திருவள்ளூர்
26-11-1974

மன்னிக்கு,

கோதை அநேக நமஸ்காரம். இங்கு எல்லோரும் க்ஷேமம். நீங்களும் உங்கள் அண்ணாவும் க்ஷேமமாக வந்து சேர வேண்டும்.

வயசில் நான் பெரியவளாக இருக்கலாம். அண்ணா அகத்துக்காரியை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய அண்ணாவிடம் சொன்னேன். சொல்வதற்கு எனக்கு ஐப்பசி முழுக்கத் தேவைப்பட்டது. உங்கள் கடிதத்தையே கையில் கொடுத்தேன். படித்துவிட்டு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். போன வெள்ளிக்கிழமை நான் பூத் தொடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அவ வந்தா எங்க தங்குவா?" என்று கேட்டார். "நம்மாத்துலதான்" என்றேன். மறுநாள் என் அகத்துக்காரரிடம், "புதுவாயல்லேர்ந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று விசாரித்திருக்கிறார். எல்லாம் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். உங்களைப் பார்த்ததும் என்ன செய்வாரோ தெரியாது. நான் பக்கத்தில் இருப்பேன்.

காரியம் சப்தமியன்றுதான். வியாழக்கிழமை வருகிறது. புதன்கிழமையே வந்துவிடுங்கள். தர்ப்பை உருவத்துக்கு வாய்க்கரிசி நீங்கள் போட வேண்டும். அது முடிந்து நெருப்பிட்டு வந்தபின் குளக்கரையில் தர்ப்பணம். தூரத்துப் படியில் நிற்க வேண்டாம். அங்கிருந்து ஒன்றும் கேட்காது. எங்கள் சாஸ்திரிகளுக்குப் பல் போய் நாளாயிற்று, மந்திரமெல்லாம் வாய்க்குள்ளேயே சுற்றும். பெயர் வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் பேசி வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். என் மன்னி கேட்க வேண்டும் என்றேன்.

தேவராஜ சர்மா என்று மூன்று தரம் வரும். முதல் தரம் அழுகையில் காதில் விழாமல் போனாலும், இன்னும் இரண்டு இருக்கிறது.

கோதை